படுத்த நிலையில் 50 மீட்டர்: ஒரு பயிற்சிப் பருவத்தின் நாட்குறிப்பு

ஜனவரி 7

கருவிகளில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்ற முடிவுகள் எல்லாம் இலக்கின் அளவுகளிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதால், பருவத்தின் முதல் நாளில் அவற்றை மறுபடியும் எழுதி வைக்கிறேன். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ.; தோட்டாவின் விட்டம் 5.6 மி.மீ. துளையின் ஓரம் வளையக் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், துளையின் நடுப்புள்ளி மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். அதற்கு அப்பால் ஒவ்வொரு 8 மி.மீ.க்கும் ஒரு வளையம் இழப்பு. தசமப் புள்ளி முறையில் அந்த 8 மி.மீ.யும் பத்துப் பங்காகிறது, 10.9 வேண்டுமென்றால் விலகல் 0.8 மி.மீ.க்குள் அடங்க வேண்டும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் பெலாரஸ் வீரர் செர்கெய் மார்ட்டினோவ் 60 ஷாட்டுகளில் 600 எடுத்தார். அன்றைய கணக்கில் அதற்கு மேல் எடுக்க ஏதுமில்லை. மறு ஆண்டே தசமக் கணக்கு வந்து உச்சம் 654 ஆயிற்று. வளையத்தின் ஓரத்தைத் தொட்ட பத்தும் நடுவைத் துளைத்த பத்தும் வேறு வேறு என்றாயின. இந்த மாற்றம் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் நிலையில் உள்ள சிறு கோளாறுகளை இது மறைப்பதில்லை.

படுத்த நிலையில் துப்பாக்கியை ஆடாமல் வைத்திருக்கப் பெரும்பாலோர் சில மாதங்களில் கற்றுக்கொள்கிறார்கள். அதன் பிறகு ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிப்பது, சுட்டவுடன் பின்னுதைப்பில் எழும் துப்பாக்கி தானாக எங்கே இறங்கி நிற்கிறது என்பதே. இந்தப் பருவத்தில் கையில் கட்டும் வாரோ, துப்பாக்கியின் கட்டையோ, குறிபார்க்கும் சைட்டோ, எதைத் தொட்டாலும் இந்த ஒரு சோதனையை வைத்தே முடிவு செய்யப் போகிறேன்.

ஜனவரி 14

இன்று முழுவதும் ஸ்லிங் என்னும் வார்தான். விதிப்படி அதன் அகலம் 40 மி.மீ.க்கு மிகக் கூடாது. இடது மேற்கையில் மட்டும் சுற்றி, அங்கிருந்து முன்கட்டையில் உள்ள கொக்கியில் மாட்டப்பட வேண்டும். துப்பாக்கியின் எடை 8 கிலோ வரை போகலாம். அந்த எடையைத் தாங்க வேண்டியது வாரும் முன்கை எலும்பும்தான். தசை அதில் பங்கு கேட்கத் தொடங்கினால் இருபது நிமிடத்தில் களைத்து, களைப்பை இலக்கில் எழுதிக் காட்டிவிடும்.

மேற்கையில் வாரை எந்த உயரத்தில் கட்டுவது என்பதில் எனக்கு இப்போது ஐயம் இல்லை. முழங்கைக்கும் தோளுக்கும் நடுவே கட்டினால் கையின் உட்புறம் ஓடும் தமனியை வார் அழுத்துகிறது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் முன்சைட் மேலும் கீழுமாகத் துள்ளுவது கண்ணுக்கே தெரிகிறது. தோள் தசைக்கு அருகே மேலேற்றி, ஜாக்கெட்டின் கொக்கியில் நழுவாமல் மாட்டிவிட்டால் துள்ளல் பெருமளவு அடங்குகிறது. முற்றிலும் மறைவதில்லை. உள்ளாடையின் மேல் சற்றுத் தடித்த ஸ்வெட்டர் இருந்தால் இன்னும் குறையும். கோடையிலும் சுடுபவர்கள் ஸ்வெட்டர் அணிந்திருப்பதன் காரணம் இதுதான்.

வாரின் நீளத்தையும், முன்கட்டையில் இடது கையைத் தடுத்து நிறுத்தும் துண்டான ஹேண்ட் ஸ்டாப்பின் இடத்தையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். ஹேண்ட் ஸ்டாப்பை முன்னே தள்ளினால் கை நீண்டு குழல் வாய் தாழ்கிறது. பின்னே இழுத்தால் உயர்கிறது. முன்கை தரையோடு ஆக்கும் கோணம் 30 பாகைக்குக் குறையக் கூடாது என்பது விதி. தாழப் படுத்தால் நிலை உறுதியாகிறது என்ற ஆசையில் அந்த எல்லையை ஒட்டியே படுப்பவர்களை எல்லாப் போட்டிகளிலும் காணலாம். தாழ்ந்த நிலையில் கழுத்து பின்னோக்கி மிகவும் வளைகிறது என்பதால் நான் எல்லையிலிருந்து நன்றாகவே மேலே நிற்கிறேன். உயரத்தால் இழக்கும் உறுதியை விட, கழுத்துத் தளர்வால் கிடைக்கும் தெளிந்த பார்வைக்கு என் கணக்கில் மதிப்பு அதிகம்.

வாரை நாலைந்து துளைகள் முன்னும் பின்னும் மாற்றி ஒவ்வொன்றிலும் ஒரே குறியில் சில ஷாட்டுகள் கொண்ட சிறு குரூப் சுட்டுப் பார்த்ததில், தளர்வாக இருந்தபோது உதைப்புக்குப் பின் முன்சைட் கறுப்பு வட்டத்துக்குக் கீழே இறங்கியது; மிகையாக இறுக்கியபோது பழைய இடத்துக்கே வந்தாலும் விரல்கள் மரத்துப் போயின. முன்னதற்கு இரண்டு துளை இறுக்கமும், கையுறையின் மெத்தையில் கை முழுதாகச் சாயும் தளர்வும் சேர்ந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

ஜனவரி 15

நேற்றைய வார் அளவைச் சுடாமல் வெறுமனே நாற்பது நிமிடம் படுத்துச் சோதித்தேன். விரல்கள் மரக்கவில்லை. துளை எண்ணை வாரின் உட்புறத்தில் மையால் குறித்துவிட்டேன்.

ஜனவரி 28

தோளில் பதியும் பட் பிளேட்டும் கன்னத்தாங்கியும். துப்பாக்கி நேர் மேலே எழுந்து நேர் கீழே இறங்கினால், தோளின் எதிர்ப்பும் வாரின் இழுப்பும் ஒரே கோட்டில் இருக்கின்றன. பக்கவாட்டில் எறிந்தால் அவை ஒன்றையொன்று முறுக்குகின்றன. எனக்கு அது வலது மேல் மூலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பட் பிளேட்டைக் கழுத்துப் பக்கமாக 3 மி.மீ. நகர்த்தி, அதன் கொக்கி அக்குளுக்குள் சரியாகச் சேரும்படி கீழே ஒரு குறி இறக்கியதும் பாதை நேராயிற்று. ஒரே நாளில் இரண்டு அமைப்புகளை மாற்றக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. இவை இரண்டும் ஒரே மூட்டின் இரு பக்கங்கள் என்பதால் சேர்த்தே மாற்றினேன்.

கன்னத்தாங்கியின் உயரத்துக்குக் கண்ணை மூடிச் செய்யும் சோதனையே போதும். தலையின் முழு எடையையும் அதில் விட்டு, இரண்டு மூச்சு கழித்துக் கண்ணைத் திறக்கும்போது பின்சைட்டின் துளைக்குள் முன்சைட்டின் குழாய் நடுவில் தெரிய வேண்டும். கழுத்துத் தசையால் தலையை உயர்த்தியோ அழுத்தியோ நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால் தாங்கிதான் தவறு. புதிய அலுமினியக் கட்டைகளில் இந்த அமைப்புகளுக்கு எண்ணற்ற திருகுகள் இருக்கின்றன. அத்தனையையும் வாரந்தோறும் திருகிக்கொண்டிருப்பவர்கள் எதில் தொடங்கினார்கள் என்பதையே மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றின் அளவையும் குறித்து வைக்காதவருக்கு மரக்கட்டையே நல்லது.

பிப்ரவரி 11

சைட்டுகளைப் பற்றி. கறுப்பு வட்டத்தின் விட்டம் 112.4 மி.மீ.; 50 மீட்டருக்கு அப்பால் இருக்கும் அதை, கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் உள்ள முன்சைட்டின் தளத்தில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 2.25 மி.மீ. அளவில் தெரியும். முன்சைட் வளையத்தின் உள்விட்டம் 3 மி.மீ. என்றால் சுற்றிலும் மெல்லிய வெண்கோடுதான் மிஞ்சும். அது துல்லியம் போலத் தோன்றினாலும், கறுப்பு வளையத்தைத் தொடுகிறதா இல்லையா என்று கண் ஓயாமல் தடுமாறி, விரலை விசையிலிருந்து பின்வாங்க வைக்கிறது. 4 மி.மீ.க்கு அருகே போனால் வெள்ளை அகன்று, நடுவில் இருப்பதை மனம் எண்ணாமலே உணர்ந்துகொள்கிறது. மேகமூட்டத்தில் இன்னும் ஒரு படி பெரிதாக்குகிறேன்.

பின்சைட்டின் ஐரிஸ் துளையை 1.0 முதல் 1.2 மி.மீ. வரை வைத்தால் முன்சைட் வளையமும் இலக்கும் ஒருசேரத் தெளிவடைகின்றன. அதற்கும் சுருக்கினால் தெளிவு கூடுவதைப் போல் ஒரு மயக்கம் ஏற்பட்டு, ஒளி குறைந்து கண் விரைவில் சோர்கிறது. இடக்கண்ணை மூடக் கூடாது, 30 மி.மீ. அகலம் வரை அனுமதிக்கப்படும் வெள்ளை மறைப்பு போதும்.

துப்பாக்கியின் சாய்வுக்கு இன்று ஒரு கணக்குப் போட்டேன். தோட்டா 50 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.16 விநாடி ஆகிறது. அந்த நேரத்தில் ஈர்ப்பால் 12 செ.மீ.க்குச் சற்று மேல் விழுகிறது. துப்பாக்கி 1 பாகை சாய்ந்தால் அந்த வீழ்ச்சியின் சிறு பங்கு, அதாவது சுமார் 2 மி.மீ., பக்கவாட்டில் திரும்பிவிடுகிறது. 5 பாகை சாய்ந்தால் ஒரு வளையத்துக்கு மேல் போய்விடும். சாய்த்தே சுடுவதில் தவறில்லை. ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரே அளவு சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். பட் பிளேட் தோளில் ஒரே இடத்தில் அமராமல் அது நடப்பதில்லை.

பிப்ரவரி 25

இயல்பான குறிநிலை. ஒவ்வொரு தொடருக்கும் முன் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, மூச்சின் இயல்பான இடைநிறுத்தத்தில் கண்ணைத் திறக்கிறேன். முன்சைட் பத்துக்கு இடப்பக்கம் நின்றால் துப்பாக்கியைக் கையால் தள்ளுவதில்லை. இடது முழங்கையைச் சுழலச்சாக வைத்துக்கொண்டு இடுப்பை இடப்பக்கம் நகர்த்துகிறேன், குழல் வாய் வலப்பக்கம் வருகிறது. மேலும் கீழுமான விலகலுக்கு ஹேண்ட் ஸ்டாப். மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் முன்சைட் நேர்க்குத்தாக ஓட வேண்டும். மூலைவிட்டமாக ஓடினால் உடல் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. வலது முழங்காலை மேலிழுத்துப் படுப்பதால் வயிறு தரையிலிருந்து சற்று விடுபட்டு, ஓட்டம் நேராகிறது.

மார்ச் 3

விசையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. 50 மீட்டர் ரைஃபிளில் விசையை இழுக்கத் தேவையான எடைக்குக் கீழ்வரம்பு கிடையாது. இரண்டு கட்ட விசையில் முதல் கட்டம் தெளிவாகவும் இரண்டாவது முறிவு கூர்மையாகவும் இருந்தால் எனக்கு நிறைவு. தோட்டா குழலை விட்டு வெளியேற மூன்று மில்லி விநாடி அளவு ஆகிறது. அதற்குள் துப்பாக்கி நகரத் தொடங்கியிருக்கும். ஆகவே சுட்ட பின்னும் முன்சைட்டையே பார்த்துக்கொண்டிருந்து, அது இறங்கி நிற்கும் இடத்தைக் கண்ட பிறகே தலையைத் தூக்குகிறேன்.

மார்ச் 17

தோட்டாத் தேர்வு. .22 லாங் ரைஃபிள் போட்டித் தோட்டாவின் ஈயம் 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம், குழல் வாயில் வேகம் விநாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வரை. ஒலி வேகத்துக்குக் கீழே வைத்திருப்பது வேண்டுமென்றே செய்வது; ஒலி வேகத்தைத் தாண்டி மீண்டும் கீழிறங்கும் தோட்டா வழியில் குலைந்துபோகிறது.

ஈலி டெனெக்ஸ் ஆனாலும் லாபுவா, ஆர்.டபிள்யூ.எஸ். ஆனாலும் பெட்டியின் பெயரைப் பார்த்து வாங்குவதில் பொருளில்லை; ஒரே பெயரில் வரும் ஒவ்வொரு லாட்டும், அதாவது ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும், ஒவ்வொரு குழலில் வெவ்வேறாக நடந்துகொள்கிறது. துப்பாக்கியைப் பிடிப்பானில் பூட்டி, ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாகப் பல குரூப்புகள் சுட்டுப் பார்த்தோம். மிகச் சிறிய ஒற்றைக் குரூப்பைத் தந்த லாட்டை நான் எடுக்கவில்லை. அதே லாட்டின் வேறு குரூப்புகளில் மேலும் கீழுமாக விலகிய துளைகள் இருந்தன. தோட்டாக்களிடையே வேகம் விநாடிக்கு 5 மீட்டர் வேறுபட்டாலே 50 மீட்டரில் ஏறத்தாழ 4 மி.மீ. உயரம் மாறுகிறது, தசமக் கணக்கில் அது அரைப்புள்ளி. எல்லாக் குரூப்புகளும் சுமாராக ஒன்றுபோல் இருந்த லாட்டே எனக்குப் போதும்.

மார்ச் 18

குழலைத் துடைத்த பின் முதல் சில ஷாட்டுகள் அலைகின்றன, தோட்டாவின் மெழுகு குழலில் மறுபடி படியும் வரை. ஆகவே போட்டிக்கு முந்தைய இரவில் துடைப்பதில்லை. கட்டைத் திருகுகளை எப்போதும் ஒரே முறுக்கு அளவில், அளவுகாட்டும் சாவியால் இறுக்குகிறேன்.

ஏப்ரல் 7

காற்று. விதிப்படி 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் 50 மி.மீ. அகலமும் 400 மி.மீ. நீளமும் கொண்ட துணிக் கொடிகள் கட்டப்படுகின்றன. பக்கக்காற்று விநாடிக்கு 1 மீட்டர் வீசினால் தோட்டா ஏறத்தாழ 6 மி.மீ. விலகுகிறது, முகத்தில் பட்டும் படாமலும் செல்லும் தென்றலே பத்தின் நடுவிலிருந்து அதன் ஓரத்துக்குக் கொண்டுபோய்விடும். அருகிலுள்ள கொடியை அலட்சியப்படுத்தி இலக்கை ஒட்டிய கொடியையே பார்ப்பவர்கள் உண்டு. சுடுபவருக்கு அருகே வீசும் காற்று தோட்டாவின் திசையைத் தொடக்கத்திலேயே திருப்பிவிடுகிறது, மீதித் தொலைவு முழுதும் அந்த விலகல் வளர்கிறது. ஆகவே நான் முதல் கொடிக்கே அதிக மதிப்புத் தருகிறேன்.

வலப்பக்கச் சுழற்சி கொண்ட குழலில் விலகல் கிடைமட்டமாக மட்டும் இருப்பதில்லை. வலமிருந்து வரும் காற்று தோட்டாவை இடப்பக்கம் தள்ளுவதோடு சற்று மேலேயும் ஏற்றுகிறது. இடமிருந்து வருவது வலப்பக்கம் தள்ளிக் கீழே இறக்குகிறது. காற்று மாறும் நாளில் துளைகள் கடிகாரத்தின் பத்து மணியிலிருந்து நான்கு மணிக்குச் சாய்கோடாகப் பரவியிருந்தால் நிலையைச் சந்தேகிக்காமல் காற்றைப் பார்க்க வேண்டும். பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் அப்பால் எதிர் மூலைகளில் விழுந்தால் அது என் வேலை.

சைட்டைத் திருப்புவதா, காத்திருப்பதா? காற்று இரண்டு நிலைகளுக்கிடையே மாறி மாறி வந்தால், அடிக்கடி வரும் ஒன்றைத் தேர்ந்து அதில் மட்டும் சுடுவது என் வழக்கம். காத்திருக்கும்போது விசையிலிருந்து விரலை எடுத்து, கன்னத்தை மட்டும் அப்படியே விட்டுவைக்கிறேன்.

ஏப்ரல் 20

நாளைய போட்டிக்கு நேரத் திட்டம். முன்னேற்பாட்டுக்கும் சோதனை ஷாட்டுகளுக்கும் 15 நிமிடம். 60 ஷாட்டுகளுக்கு 50 நிமிடம். சராசரியாக ஒரு ஷாட்டுக்கு 50 விநாடி என்றாலும் அப்படிப் பகிர்வதில் பயனில்லை, காற்று அப்படிப் பகிர்ந்து வீசுவதில்லை. நல்ல காற்று நிலைத்தால் பத்து ஷாட்டுகளை ஐந்து நிமிடத்துக்குள் முடித்து, மிச்சத்தைக் கடைசி இருபதுக்கு வைத்திருப்பேன். சோதனைச் சுற்றின் முதல் ஷாட்டுகளில் புள்ளியைப் பார்ப்பதில்லை. முன்சைட் எங்கே இறங்குகிறது என்பதை மட்டும் பார்த்து, அது பத்தின் மேல் நின்ற பிறகே சைட்டில் கை வைப்பேன். முப்பதாவது ஷாட்டுக்கு மேல் ஜாக்கெட் வெப்பத்தில் இளகி வார் சற்று நழுவும். அப்போது நிலையைக் கலைத்து வாரை மீண்டும் ஏற்றிக் கட்ட மூன்று நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். துப்பாக்கியில், குழல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகிப் பெட்டியில் வைத்தாயிற்று, 4.0 மி.மீ. முன்சைட் வளையத்தோடு 4.2 வளையமும் பையில் இருக்கிறது, நாளை வானம் மூடியிருக்கும் என்கிறார்கள்.