எந்த டிஸ்க் என்று சொல்லாத எச்சரிக்கை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. என் மடிக்கணினியின் ப்ராசஸர் பழையது, விண்டோஸ் 11 அதை ஏற்றுக்கொள்ளாது. மற்றபடி நன்றாக ஓடுகிற கணினி, தூக்கிப்போட மனசில்லை. லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன்.

இதற்குள் இரண்டு டிஸ்க் இருக்கிறது. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, அதில்தான் விண்டோஸ், அதாவது சி டிரைவ். இன்னொன்று 1 டிபி ஹார்டு டிஸ்க், டி டிரைவ். பன்னிரண்டு வருஷத்துப் படங்கள் டி-யில் இருந்தன. அப்பா பேசியதை நான் ஃபோனில் பதிவு செய்துவைத்த 43 ஆடியோ கோப்புகளும் அங்கேதான். அப்பா இப்போது இல்லை. அந்தக் கோப்புகளுக்கு வேறெங்கும் பிரதியும் இல்லை. அன்றைக்கு நான் ஒவ்வொரு எச்சரிக்கையையும் நாலு தடவை படித்ததற்கு இதுதான் காரணம்.

முதல் எச்சரிக்கை, லினக்ஸ் போடுவதற்கான பென் டிரைவைத் தயார் செய்யும்போதே வந்தது. "இந்தச் சாதனத்தில் உள்ள எல்லாத் தரவும் அழிக்கப்படும்." எந்தச் சாதனம்? அந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருந்ததோ என் மடிக்கணினியில். பென் டிரைவைத்தான் சொல்கிறது என்று உறுதி செய்துகொள்ளவே பத்து நிமிஷம் போனது. 'பென் டிரைவ்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அந்தப் பத்து நிமிஷம் மிச்சம்.

கணினியை அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, அதாவது தொடங்கவைத்து, லினக்ஸைப் போட்டுக்கொடுக்கும் மென்பொருளான நிறுவியைத் திறந்தேன். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே போடு, டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு, நீயே பிரித்துக்கொள் என்று மூன்று வழிகள் காட்டியது. இரண்டாவதைத் தொட்டதும் கீழே ஒரு வரி: எல்லா இயங்குதளங்களிலும் உள்ள உங்கள் புரோகிராம்கள், ஆவணங்கள், படங்கள், பாட்டுகள், மற்றக் கோப்புகள் அத்தனையும் அழிந்துபோகும்.

கை அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க் என்று ஒருமையில் சொல்கிறது, அத்தனையும் என்கிறது, எல்லா இயங்குதளங்களிலும் என்றும் சேர்த்துக்கொள்கிறது. என் டி டிரைவ் அந்த அத்தனையில் சேர்த்தியா? சி, டி என்ற எழுத்துகள் விண்டோஸ் வைக்கிற பெயர்கள், வெளியே வந்துவிட்டால் அவை கிடையாது. டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எஸ்டிஏ, என்விஎம்இ0என்1 என்று லினக்ஸ் வைத்த இரண்டு பெயர்கள் இருந்தன. சரி, அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், இத்தனை வருஷமும் நான் பார்த்துப் பழகிய எண்கள் 238-ம் 931-ம். இங்கே 256, 1000 என்று நிற்கிறது.

ஒன்றும் மாறவில்லை, எண்ணுகிற முறைதான் வேறு. 1 டிபி என்றால் லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1024-ஆல் மூன்று முறை வகுத்து 931 என்று காட்டும். நிறுவி ஆயிரத்தால் வகுத்து 1000 என்று காட்டும். இது தெரிந்தபிறகு சாதாரணமாக இருக்கிறது. தெரியாமல் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, இது என் டிஸ்க்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அணைத்துவிட்டேன். திரும்ப விண்டோஸுக்குள் போய், டி-யில் இருந்ததை எல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். காப்பி முடிந்தது என்று திரை சொன்னதோடு விடவில்லை. 43 ஆடியோவையும் ஒவ்வொன்றாகத் திறந்து சில விநாடி கேட்டேன். பிறகு கணினியை முழுவதுமாக அணைத்து, பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, 1 டிபி டிஸ்க்கை உருவி மேஜைமேல் வைத்தேன். உள்ளங்கை அகலம்கூட இல்லை அது. பேட்டரியை மட்டும் திரும்ப மாட்டி, நிறுவியை மறுபடி ஓட்டினேன்.

இப்போது உள்ளே இருப்பது ஒரே டிஸ்க். ஆனால் எச்சரிக்கை அதே எச்சரிக்கை, ஒரு எழுத்து மாறவில்லை. அப்போதுதான் புரிந்தது, அது என் கணினியைப் பார்த்து எழுதப்பட்ட வாக்கியமே இல்லை. யார் திறந்தாலும், உள்ளே எது இருந்தாலும் அதே வரிதான் வரும். டிஸ்க்கின் பெயரும் அளவும் நிறுவிக்குத் தெரியும், அதில் விண்டோஸ் இருப்பதும் தெரியும். 'விண்டோஸ் உள்ள 256 ஜிபி டிஸ்க் அழியும், 1 டிபி டிஸ்க்கைத் தொடமாட்டேன்' என்று எழுத அதற்கு வேறு என்ன வேண்டும்? எது அழியாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தானே அது எச்சரிக்கை.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. அவ்வளவு மிரட்டிய அந்த வரி வரும்போது டிஸ்க்கில் இன்னும் ஒன்றுமே நடந்திருக்காது. நான் போட்ட நிறுவியில் கடைசியாக ஒரு சின்னப் பெட்டி வருகிறது: என்விஎம்இ0என்1-இன் பார்ட்டிஷன் டேபிள் மாறும், பார்ட்டிஷன் 2 இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் ஆகும், மாற்றங்களை எழுதலாமா? என்விஎம்இ0என்1 என்பது என் எஸ்எஸ்டி, பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கைப் பிரித்த ஒரு பகுதி, இஎக்ஸ்டி4 என்பது லினக்ஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை. படம் என்றோ ஆவணம் என்றோ அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அழிப்பது அந்தப் பெட்டிதான். அதில் 'தொடர்' கொடுக்கும்வரை எந்த நிமிஷமும் திரும்பிப் போய்விடலாம். விண்டோஸ் நிறுவியில் கதை வேறு. அங்கே ஒரு பார்ட்டிஷனை டிலீட் கொடுத்து ஓகே சொன்னால் அப்போதே போய்விடும், கடைசிப் பெட்டி என்று ஒன்றுக்காகக் காத்திருக்காது. ஒன்றில் பழகிய தைரியத்தை இன்னொன்றில் காட்டக்கூடாது.

மற்றது சுலபமாக முடிந்தது. டிஸ்க்கைத் திரும்ப மாட்டினேன், எல்லாம் இருந்தபடியே இருக்கிறது.

அப்பாவின் பதிவுகளில் ஒரு பிரதி தம்பியிடமும் இருக்கட்டும் என்று, புது லினக்ஸிலேயே ஒரு பென் டிரைவை ஃபார்மட் செய்து அதில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் ராத்திரி ஃபோன் வந்தது.

"அக்கா, நீ குடுத்த பென் டிரைவைச் செருகினா, ஃபார்மட் பண்ணாத்தான் யூஸ் பண்ண முடியும்னு சொல்லுது. பண்ணிடட்டுமா?"

"வேண்டாம்டா! கேன்சல் குடு. குடுத்துட்டு அதை வெளியே எடு."

இஎக்ஸ்டி4-ஐ விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாத எதைக் கண்டாலும் அது ஃபார்மட் செய்யட்டுமா என்றுதான் கேட்கும். அவனும் என்னைக் கேட்காமல் ஓகே கொடுத்திருந்தால் அதற்குத் தப்பு சொல்ல முடியாது. பென் டிரைவைத் திரும்ப வாங்கி, இரண்டிலும் திறக்கிற எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்து, 43-ஐயும் மறுபடி ஏற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரியே முதல் பதிவைக் கேட்டுவிட்டு, "அப்பா இருமறதுகூட அப்படியே கேக்குதுக்கா" என்றான்.