கருத்த ஈறில் ப்ரோப் தெரியாது

ஈறு மெல்லிசா, தடிப்பா என்று அறியப் பெரும்பாலும் செய்வது ப்ரோப் சோதனை. ப்ரோப் என்பது ஈறிடுக்கின் ஆழம் பார்க்கும், மி.மீ. கோடு போட்ட மெல்லிய கம்பி. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ப்ரோபை விட்டால் அதன் நிழல் ஈறு வழியாகத் தெரிகிறதா? தெரிந்தால் மெல்லிசு, அதாவது 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. தெரியாவிட்டால் தடிப்பு. அரை நிமிட வேலை, ஊசியும் வேண்டாம். ஆனால் நம் ஊர் வாய்களில் மெலனின் எனும் கருநிறமி படிந்த ஈறு சகஜம். அங்கே ப்ரோப் மறைவது தடிப்பாலா, நிறத்தாலா? சொல்ல முடியாது. வெள்ளை, பச்சை, நீல முனை வைத்த கலர் ப்ரோபுக்கும் இதே கதிதான்.

ஈறு இறங்கி வெளியே தெரியும் பல் வேரை மூடும் சர்ஜரி என்றால் ஈறின் தடிப்பை மி.மீ. எண்ணாகவே எடுத்துவிடுங்கள். வேரை மூடப் புரட்டும் ஈறு மடல் (ஃபிளாப்) 0.8 மி.மீ. தடிப்புக்கு மேல் இருந்தால் வேர் முழுசாக மூடும் வாய்ப்பு கூடுகிறது. அங்கே ‘தெரிகிறது, தெரியவில்லை’ கணக்கு உதவாது.

அப்படி அளக்கத் தேவை 25-ஆம் நம்பர் கே-ஃபைல் (வேர் சிகிச்சையில் பயன்படும் ஊசி போன்ற கருவி), அதில் மாட்டி நகர்த்தும் இறுக்கமான ரப்பர் வளையமான ஸ்டாப்பர், நுணுக்கமாக நீளம் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர். லிக்னோகெய்ன் ஸ்ப்ரே அல்லது ஜெல்லால் மரக்கவைத்து, பல்லின் நடுக்கோட்டில், ஈறு விளிம்பிலிருந்து 2 மி.மீ. தள்ளி, ஃபைலை ஈறுக்குச் செங்குத்தாகக் குத்த வேண்டும். நுனி உள்ளே கடினமான பரப்பில் முட்டியதும் நிறுத்தி, ஸ்டாப்பரை ஈறைத் தொடும்வரை மட்டும் நகர்த்துங்கள். அழுத்தினால் ஈறு குழியும், அளவு குறையும். ஃபைலைச் சாய்த்தால் அளவு கூடும். வெளியே எடுக்கும்போது ஸ்டாப்பர் நழுவுவதுதான் பெரிய தொல்லை. ஆராய்ச்சிக்கு அளப்பவர்கள் வாயிலேயே ஒரு சொட்டு சயனோஅக்ரிலேட் பசை வைத்து நிறுத்துவார்கள். ஃபைலின் நுனியிலிருந்து ஸ்டாப்பர்வரை காலிப்பரில் அளக்க வேண்டும். ப்ரோபின் 1 மி.மீ. கோடுகளை நம்பினால் 0.7-உம் 1.2-உம் ஒன்றாகிவிடும்.

அளக்கும் இடத்திலேயே மரப்பு ஊசி போடாதீர்கள். மருந்து தேங்கி ஈறு உப்பும், அந்த உப்பலையும் சேர்த்து அளப்பீர்கள். வீங்கி ரத்தம் கசியும் ஈறும் அப்படித்தான். ஸ்கேலிங் (பல் காரை நீக்கும் சுத்தம்) முடித்து, வீக்கம் வடிந்தபின் அளக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டில் வலியில்லை, ஆனால் கருவி எல்லாரிடமும் இல்லை. வேறு காரணத்துக்காகச் சிபிசிடி (பல், தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) ஏற்கெனவே எடுக்கப்போகிறோம் என்றால் அதிலேயே ஈறையும் பார்க்கலாம். ஈறுக்காக மட்டும் கதிர்வீச்சு தேவையில்லை. எடுக்கும்போது ரிட்ராக்டர் போட்டு உதட்டை விலக்கியே ஆக வேண்டும். உதடு ஈறோடு ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாக விழும், எது எங்கே முடிகிறது என்று கோடு போட இடமே இருக்காது.