ஜன்னலுக்கு உள்ள இருக்கவரு

எங்க செங்கோட்டச் சங்க மலருக்கு பள்ளிக்கூட நினைவு ஏதாவது எழுதுங்கன்னு கேட்டாங்க, எழுத உட்கார்ந்தா எனக்கு ஒரு வீடியோ கேம்தான் ஞாபகம் வருது. பேப்பர்ஸ் ப்ளீஸ்னு பேரு, 2013 ஆகஸ்ட்ல வந்துச்சு, லூகாஸ் போப்னு ஒருத்தர் செஞ்சது. இத்தன வருஷம் கழிச்சும் இன்னும் விளையாடுறேன்.

கத 1982ல நடக்கு. ஆர்ஸ்டோட்ஸ்கான்னு ஒரு கற்பனை நாடு, பக்கத்து நாட்டோட ஆறு வருஷம் சண்ட போட்டு ஓய்ஞ்சு இப்பதான் கிரெஸ்டின்ங்கிற ஊர்ல பார்டரத் திறக்காங்க, நாம அங்க செக்போஸ்ட்ல உட்கார்ந்து வர்றவங்க பேப்பரப் பார்த்து பச்சையோ செவப்போ முத்திர குத்தணும். பார்டர்னா என்னன்னு கேரள எல்லையில இருக்க செங்கோட்டக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், எங்க தாத்தா வீட்ட விட்டு நகராமலே 1956 நவம்பர் 1ம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தவரு.

என் பெஞ்சுல இருந்தவன் ஆரியங்காவுப் பக்கம் எஸ்டேட் பையன். வீட்ல பேசுறது தமிழ், ரேஷன் கார்டு கேரளா. மீட்டர்கேஜ் வண்டில கொகையத் தாண்டி வருவான், மழைன்னா புத்தகத்த உரச்சாக்குல சுத்திக்கிட்டு வருவான். பத்தாப்புல உதவித்தொகைக்கு எழுதிப் போட்டப்ப சாதிச் சான்றிதழ் அந்தப் பக்கத்துல வாங்குனதுன்னு திருப்பிட்டாங்க. அவங்க அம்மா கூட நானும் போயிருந்தேன். அவங்க மஞ்சப்பையில இருந்து ஒவ்வொரு பேப்பரா எடுத்து ஜன்னல்ல நீட்டுதாங்க, மடிப்புல கிழிஞ்ச ஒரு பேப்பர சோத்துப்பருக்க வச்சு ஒட்டிருந்தாங்க, உள்ள இருந்தவரு தலையத் தூக்காமலே இங்க செல்லாதும்மான்னுட்டாரு. பரீட்ச பீஸ கணக்கு சார்தான் கட்டுனாரு. அந்த ஜன்னல்காரர நான் ரொம்ப வருஷம் மனசுக்குள்ள திட்டிருக்கேன்.

இந்த கேம்ல அந்த நாற்காலியில நான் உட்கார்ந்திருக்கேன். ஒரு ஆளச் சரியாப் பார்த்து அனுப்புனா அஞ்சு கிரெடிட், அதான் அங்க காசு. ஒரு நாளைக்கு ரெண்டு தப்பு வரைக்கும் எச்சரிக்கையோட போயிரும், மூணாவதுல சம்பளத்துல அஞ்சு பிடிப்பாங்க. சாயங்காலமானா வாடக, சாப்பாடு, குளிருக்கு ஹீட்டர்னு கணக்கு வந்து நிக்கும், பையனுக்குக் காய்ச்சல்னா மருந்து வேற. மேச அவ்வளவு சின்னது, நாலு பேப்பர விரிச்சா ஒண்ணுக்கு மேல ஒண்ணு கெடக்கும், தேதியப் பார்க்கவா, முத்திரையப் பார்க்கவா, போட்டாவப் பார்க்கவா, இதுல முகத்த எங்க பார்க்க. ஆளப் பிடிச்சுக் கொடுத்தா கமிஷன் தர்றேன்னு ஒரு காவலாளி வேற வந்து ஆச காட்டுவான். நல்லவனா இருக்கதுக்கு எவ்வளவு செலவாகும்னு இப்படிக் கணக்குப் போட்டு எனக்கு வேற யாரும் காட்டுனதில்ல.

ஒரு புருசன் எல்லாப் பேப்பரும் சரியா வச்சுக்கிட்டு வருவான். அடுத்து என் பொண்டாட்டி வருதா, தயவு பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போவான். அவ வருவா, அனுமதிச் சீட்டு இருக்காது. மொத தடவ விளையாடுறப்ப அன்னிக்கு ஏற்கெனவே ரெண்டு தப்பு ஆயிருந்துச்சு, செவப்ப குத்திட்டேன். அன்னைக்கு ராத்திரி கண்ண மூடுனா மஞ்சப்பைதான் தெரியுது.

2022ல கேம் போன்லயும் வந்துச்சு. போன தடவ ஊருக்குப் போனப்ப அந்த எஸ்டேட் பையன் போன்ல ஏத்திக் கொடுத்தேன். இப்ப புனலூர்ல டெம்போ ஓட்டுதான். நாலு நாள் கழிச்சு ராத்திரி கூப்பிட்டான்.

"ஏல, அந்தப் பொம்பளைய நீ உள்ள விட்டியா?"

நடந்ததச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல.

"நான் விட்டுட்டேம்ல. அஞ்சு ரூவாதான போச்சு."