x⁴ + 1: நான்கு மூலங்கள், மூன்று ஜோடிகள்

x⁴ + 4 என்ற கோவையைக் காரணிப்படுத்தும்போது, 4x²-ஐக் கூட்டிக் கழித்து, (x² + 2)² − (2x)² என மாற்றி, (x² + 2x + 2)(x² − 2x + 2) என்று விடை எழுதுவது வழக்கம். விடை சரியே, ஆனால் 4x²-ஐத்தான் கூட்ட வேண்டும் என்று எப்படித் தோன்றியது என ஒரு மாணவர் கேட்டால், அந்த வழிமுறைக்குள் பதில் கிடைக்காது. கலப்பெண்களில், அதாவது i = √−1-ஐயும் சேர்த்துக்கொண்ட எண்களில், கிடைக்கும். x⁴ = −4 என்பதன் மூலங்கள் 1 + i, 1 − i, −1 + i, −1 − i. முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று இணை எண்கள், அதாவது i-யின் குறியில் மட்டும் வேறுபடுபவை. அவற்றின் கூடுதல் 2, பெருக்கற்பலனும் 2 என்பதால், அவை x² − 2x + 2 என்ற காரணியைத் தருகின்றன. மற்ற இரண்டும் x² + 2x + 2-ஐத் தருகின்றன.

மூலங்களைக் கண்டுபிடிப்பதைவிட, எந்த மூலத்தை எதனுடன் சேர்க்கிறோம் என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். 1702-இல் ஜெர்மன் கணிதவியலாளர் லைப்னிட்ஸ் x⁴ + a⁴ என்ற கோவையை (x² + a²i)(x² − a²i) எனப் பிரித்து, அதற்கு மேல் செல்ல √i தேவைப்படுவதைக் கண்டு, எந்த இரண்டு காரணிகளைப் பெருக்கினாலும் மெய்யெண் கெழுக்கள் வாரா என்று முடிவு செய்தார். √i என்பது (1 + i)/√2 என்ற சாதாரணக் கலப்பெண்தான். 1719-இல் சுவிஸ் கணிதவியலாளர் நிக்கோலஸ் பெர்னூலி, அதே கோவையை (x² + a²)² − 2a²x² என எழுதி, மெய்யெண் காரணிகள் இருப்பதைக் காட்டினார்.

a = 1 என்று கொண்டால், நான்கு மூலங்களையும் ஜோடி சேர்க்க மூன்றே வழிகள் உள்ளன. ஒரு மூலத்தை அதன் எதிர்க்குறி மூலத்துடன் சேர்த்தால் (x² + i)(x² − i) வரும். லைப்னிட்ஸ் நின்ற இடம் இது. இணை எண்ணுடன் சேர்த்தால் (x² + √2x + 1)(x² − √2x + 1) வரும். மூன்றாவது வழியைப் பலரும் எழுதிப் பார்ப்பதே இல்லை: x⁴ + 1 = (x² − 1)² + 2x² என்பதால், (x² + i√2x − 1)(x² − i√2x − 1).

இம்மூன்றுக்கும் முறையே −1, 2, −2 ஆகியவற்றின் வர்க்கமூலங்கள் தேவைப்படுகின்றன. விகிதமுறு எண்களில் இவற்றுள் ஒன்றுக்கும் வர்க்கமூலம் இல்லாததால், x⁴ + 1 அங்கே பிரியாது. ஆனால் ஒரு பகா எண்ணால் வகுத்துவரும் மீதிகளை மட்டும் கொண்டு கணக்கிட்டால், −1, 2, −2 ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு எப்போதும் வர்க்கமூலம் உண்டு. அங்கே வர்க்கமூலம் இல்லாத இரு எண்களின் பெருக்கற்பலனுக்கு வர்க்கமூலம் உண்டு என்பதால், முதல் இரண்டுக்கும் இல்லையென்றால், அவற்றின் பெருக்கற்பலனான −2-க்குக் கட்டாயம் இருக்கும். ஆகவே அங்கெல்லாம் இக்கோவை பிரிந்துவிடுகிறது. 5-ஐ எடுத்தால் −1-ம் 4-ம் ஒன்றே என்பதால், முதல் வழியில் (x² + 2)(x² − 2). 7-ஐ எடுத்தால் இரண்டாம் வழியில் (x² + 3x + 1)(x² − 3x + 1). 3-ஐ எடுத்தால் மூன்றாம் வழியில் (x² + x − 1)(x² − x − 1).