சிரிப்புக்கு விட்ட இடைவெளி

சப்டைட்டில் வேலைக்கு வந்த 4-ஆம் வருஷம் 'ரூக்கரி நூக்' என் கைக்கு வந்தது. 1930-இல் வெளியான பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். காது கேளாதவர்களுக்காக ஆங்கிலத்திலேயே சப்டைட்டில் போட வேண்டும். பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் நடக்கும் பேச்சு. 3 நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். 11 நாள் ஆனது.

கதை சின்னதுதான். கடலோர ஊரில் ஒருவன் வாடகைக்கு வீடு எடுக்கிறான். மனைவி இன்னும் வந்து சேரவில்லை. மாற்றாந்தகப்பன் விரட்டிவிட்டதால் பைஜாமாவோடு ஓடிவந்த பெண் ஒருத்தி அங்கே அடைக்கலம் கேட்கிறாள். மனைவியின் சகோதரி கண்ணில் படாமல் அவளை மறைக்கப் படும் பாடுதான் படம். பென் டிராவர்ஸ் எழுதிய நாடகம் இது. லண்டன் ஆல்ட்விச் தியேட்டரில் 1926-இல் தொடங்கி 400 தடவைக்கு மேல் நடந்தது. மேடையில் நடித்த ரால்ஃப் லின், டாம் வால்ஸ், ராபர்ட்சன் ஹேர், மேரி புரோ ஆகியோரே படத்திலும் இருக்கிறார்கள். டாம் வால்ஸ் இயக்கவும் செய்தார்.

ரால்ஃப் லின்தான் என்னைப் பாடாய்ப் படுத்தினார். ஒரு கண்ணுக்கு மட்டும் போடும் ஒற்றைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், நடுவில் விடுவார், வேறொன்றைப் பிடிப்பார், கடைசி வார்த்தையை வாய்க்குள்ளேயே விழுங்குவார். ஹெட்போனை அழுத்திப் பிடித்து ஒரே இடத்தை இருபது தடவை ஓட்டிக் கேட்டேன். சுருக்கி எழுதினால் திரை சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தத் தடுமாற்றம்தானே அவர் நடிப்பு? தடுமாறியதைத் தடுமாறியபடியே எழுதினேன். இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன்.

தப்பு வேறிடத்தில் நடந்தது. ஒரு வரி பேசி முடித்ததும் நடிகர்கள் அடுத்ததற்குப் போகாமல் ஒரு கணம் நிற்பது போலத் தெரிந்தது. பின்னணி இசை கிடையாது. ஒலித்தடத்தின் 'ஸ்ஸ்' மட்டும் கேட்கும். காலி இடம்தானே, படிக்க இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று ஒவ்வொரு வரியையும் அந்த மௌனம் முடியும்வரை திரையில் நிறுத்தி வைத்தேன்.

அந்த வாரம் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவர். இப்போது இரண்டு காதும் அநேகமாகக் கேட்காது. அவருக்கு முதல் கால் மணி நேரத்தைப் போட்டுக் காட்டினேன். கண்ணை எடுக்காமல் பார்த்தார். சிரிக்கவே இல்லை. "எழுத்து அங்கேயே நிக்குதேப்பா. படிச்சதையே திரும்பப் படிக்கிறேன், அதுக்குள்ள அந்த ஆளோட முகம் போயிடுது" என்றார்.

ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன். மேடையில் அந்த இடைவெளி சபை சிரித்து அடங்குவதற்காக விடுவது. வருஷக்கணக்காக அந்தச் சிரிப்பை வைத்தே அளந்து பேசிய நடிகர்கள் இவர்கள். ஸ்டுடியோவில் யாரும் சிரிக்கக்கூடாது. சிரித்தால் மைக்கில் விழுந்துவிடும். கேமரா இரைச்சல் கேட்கக்கூடாது என்று கேமராவையே கூண்டுக்குள் அடைத்துவைத்த காலம் அது. சத்தமே இல்லாத தளத்தில், வராத சிரிப்புக்கு இடம் விட்டு அந்த மனுஷர்கள் நின்றிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த இடத்தைத்தான் நான் எழுத்தால் அடைத்து வைத்திருந்தேன்.

மறுநாள் முதல் வரியிலிருந்து திருத்தினேன். படித்து முடிக்கும் நேரம் கொடுத்து, பேச்சு நின்ற சற்று நேரத்திலேயே எழுத்தை எடுத்தேன். வேடிக்கையைப் போட்டு உடைக்கும் வார்த்தையை முந்தைய வரியோடு சேர்க்காமல், நடிகர் வாயைத் திறக்கும்போது தனியாக வரவைத்தேன். அப்புறம் பெரியப்பாவை மறுபடி உட்காரவைத்தேன்.

மேரி புரோ வாசலில் வந்து நிற்கிறார். பேசுகிறார். எழுத்து மறைகிறது. திரையில் அவர் முகம் மட்டும். பெரியப்பா நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து அடங்கவும் அடுத்த வரி வரவும் சரியாக இருந்தது.