பூங்காவுக்கு அடியில் மீத்தேன்

கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை ஒட்டிய ஒரு சிறிய நகராட்சியில் எனக்கு வேலை. என் பொறுப்பில் இருப்பது ஒரு பழைய குப்பைமேடு. மூடி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்று அதன்மேல் புல்வெளி, நடைபாதை, கால்பந்து மைதானம், பூங்காத் துறையின் சாமான் கொட்டகை எல்லாம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அங்கே பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்களில் பலருக்குக் காலுக்கடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றும் இல்லை. நகராட்சிக்குள்ளேயே பலர் மறந்துவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பிரச்சினை.

களிமண் போட்டு மூடிய குப்பைக்குள் காற்று போகாது. காற்றே தேவைப்படாத நுண்ணுயிரிகள் உள்ளே இருந்துகொண்டு அதைத் தின்கின்றன. வெளிவரும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீத்தேன், மிச்சத்தில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அதனால்தான் எல்லையோரக் கண்காணிப்புக் குழாய்களில் 5 சதவீதத்தையும், மேட்டின் மேலுள்ள கட்டடங்களுக்குள் 1.25 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்று இங்கே விதி. மேடெங்கும் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்களைக் கிணறு மாதிரி இறக்கியிருக்கிறோம். ஒரு ப்ளோயர், அதாவது உறிஞ்சு விசிறி, அவற்றிலிருந்து வாயுவை இழுத்து ஃபிளேர் என்ற எரிப்பானுக்கு அனுப்பும். அங்கே அது எரிந்து போகும்.

சொல்லும்போது சுலபம்தான். தரைக்கு மேல் நீட்டியிருக்கும் கிணற்றுத் தலையில் நின்று பார்த்தால்தான் இதன் நுணுக்கம் பிடிபடும். வாயுவை அளக்கும் மீட்டரின் குழாயை மாட்டியதும் அதன் குட்டி பம்ப் முனகும். எண்கள் கொஞ்ச நேரம் தள்ளாடி அப்புறம் நிற்கும். மீத்தேன் 42 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 35, ஆக்சிஜன் ஒன்றுக்கும் கீழே என்றால் நிம்மதி. மீத்தேன் குறைந்து ஆக்சிஜன் ஏறியிருந்தால், அளவுக்கு மீறி உறிஞ்சுகிறோம், மேலிருந்து காற்று உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்கள் "வாயு வெளியே வராமலிருக்க உறிஞ்சலைக் கூட்டிக் குறைக்கும் வால்வை முழுசாகத் திறந்துவிட்டால் என்ன?" என்று கேட்பார்கள். திறக்கலாம். குப்பைக்குள் ஆக்சிஜன் புகுந்து சூடேறி நிலத்தடியில் தீப்பிடித்தால் அணைப்பது லேசில்லை. கிணற்றின் வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். வால்வை ஒரு மயிரிழை திருப்பிவிட்டு, சில நாள் கழித்து வந்து மறுபடி அளக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

காற்றழுத்தம் வேறு நம்மைப் படுத்தும். பசிஃபிக்கிலிருந்து புயல் வரும்போது அழுத்தம் மளமளவென்று இறங்கும். மண்ணுக்குள் அடங்கிக் கிடந்த வாயு விரிசல் கண்ட இடமெல்லாம் கிளம்பும். இங்கிலாந்தில் டெர்பிஷரிலுள்ள லாஸ்கோவில் 1986 மார்ச் 24 அன்று நடந்தது இதுதான். சில மணி நேரத்தில் அழுத்தம் 29 மில்லிபார் இறங்கியது. பக்கத்துக் குப்பைக் கிடங்கிலிருந்து பாறை வழியாக ஊர்ந்து வந்திருந்த வாயு ஒரு வீட்டுக்கடியில் சேர்ந்து வெடித்தது. வீடு தரைமட்டம், உள்ளே இருந்த மூன்று பேருக்குப் பலத்த காயம். மழைக்காலத்தில் மற்றவர்கள் குடையைத் தேடும்போது நான் பாரோமீட்டரைப் பார்ப்பது அதனால்தான்.

அதே 1986இல் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில், மவுன்டன் வியூவில், இன்னொன்று நடந்தது. சான் பிரான்சிஸ்கோவின் குப்பையைக் கொட்டி உயர்த்திய நகராட்சி நிலத்தில் ஷோர்லைன் ஆம்ஃபிதியேட்டர் என்ற திறந்தவெளிக் கச்சேரி அரங்கைக் கட்டித் திறந்தார்கள். முதல் சீசனிலேயே புல்தரையில் உட்கார்ந்து கச்சேரி கேட்ட ரசிகர் ஒருவர் லைட்டரைத் தட்ட, தரையிலிருந்து கசிந்த மீத்தேன் பற்றிக்கொண்டது. அப்புறம் புல்லைப் பெயர்த்து, அடியில் தடுப்பு விரிப்பும் வாயுக் குழாய்களும் போட்டார்கள். இன்றும் அங்கே கச்சேரி நடக்கிறது. குப்பைமேட்டின் மேல் எதுவும் கட்டவே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். கட்டுமுன் எங்களைக் கேளுங்கள் என்பதுதான் என் பாட்டு.

ஆனால் யார் கேட்கிறார்கள்? நிலம் தனியார் கையில் இருந்தால் நோட்டீஸ் அனுப்பலாம். இங்கே உரிமையாளரும் நகராட்சி, குடியிருப்பவரும் நகராட்சி. ஒவ்வொரு துறையும் அதைத் தன் மைதானமாகவே பார்க்கிறது. ஒருமுறை திருவிழாவுக்குப் பந்தல் போட வந்தவர்கள் கையளவு தடிமனுள்ள இரும்பு முளைகளைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். களிமண் மூடிக்குள் பாதி இறங்கியாகிவிட்டது. பூங்காத் துறை கொடுத்த அனுமதிச் சீட்டை நீட்டினார்கள். அதில் குப்பைமேடு பற்றி ஒரு வரிகூட இல்லை. முளைகளைப் பிடுங்கி ஓட்டையை அடைத்தோம். பந்தல் கால்களில் தண்ணீர்ப் பீப்பாய்களைக் கட்டச் சொன்னோம். இன்னொரு முறை தெளிப்பான் குழாய் உடைந்து வாரக்கணக்கில் தண்ணீர் இறங்கியது. குப்பை ஒரு பக்கம் அமிழ்ந்து, எங்கள் வாயுக் குழாய் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் குப்பையிலிருந்து வரும் கசிவுநீர் தேங்கி அடைத்துக்கொண்டது. அதற்கப்பாலுள்ள கிணறுகளுக்கு உறிஞ்சு விசையே போய்ச் சேரவில்லை. மாவட்டச் சுகாதார அலுவலகத்து ஆய்வாளர் வரும் நாளென்றால் சக ஊழியர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அவர்தான் பெரிய துணை. நான் வருஷக்கணக்காகச் சொல்லி நடக்காதது அவர் ஒரு வரி எழுதினால் நடந்துவிடும்.

பணக் கதை தனி. குப்பை கொட்டிய காலத்தில் லாரிக்கு இவ்வளவு என்று வருமானம் வந்தது. மூடிய பிறகு செலவு மட்டும்தான். "மூடி இவ்வளவு வருஷமாச்சே, இன்னுமா?" என்று பட்ஜெட் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பார். இன்னும்தான். வாயு குறைந்துவருவது உண்மை. ஆனால் குறைவதிலும் ஒரு தலைவலி இருக்கிறது: பழைய ஃபிளேர் பெரிய அளவுக்குச் செய்தது, மெலிந்த வாயுவில் சுடர் நிற்பதில்லை. அணையாமலிருக்கப் புரொப்பேன் வாங்கிக் கலக்க வேண்டியிருக்கிறது. சின்ன ஃபிளேர் வாங்கினால் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது பூங்காத் துறை மேட்டின் மேல் பிக்கிள்பால் (டென்னிஸ் மாதிரி, சின்ன களத்தில் மட்டையால் ஆடுவது) ஆடுகளம் கேட்கிறது. தார் போட்ட தரை மூடிபோல் உட்கார்ந்துவிடும். மேலே போக வழியில்லாத வாயு பக்கவாட்டில் கொட்டகைப் பக்கம் நகரும். அதனால் அடியில் ஜல்லிப் படுகை, அதற்குள் துளைக் குழாய், அதன்மேல் விரிப்பு, கொட்டகைக்குள் இன்னொரு சென்சார் எல்லாம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மொத்தச் செலவைப் பார்த்துவிட்டு, ஆடுகளம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. இரண்டுக்கும் அதே ஜல்லி வேண்டும் என்று பதில் போட்டிருக்கிறேன்.