கோதுமையிலிருந்து மால்ட் பாகு, வடசென்னை வெயிலில்

கோதுமை பீர் காய்ச்சுகிற வெளிநாட்டுக்காரர்களில் பலர் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, பாகாக டின்னில் வாங்குகிறார்கள். கெட்டியான பழுப்புப் பாகு. சுமார் 3 கிலோ இருந்தால் 20 லிட்டருக்குச் சரியாக வரும். அந்த டின்னுக்குள் இருப்பது முளைவிட்ட கோதுமையும் பார்லியும் தண்ணீரில் கரைந்து சுண்டிய சாறுதான். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது. அதனால் ஈஸ்ட் பக்கம் போகாமல் பாகோடு நின்றுவிடலாம். பாலில், சோடாவில், ரொட்டி மாவில் சேர்க்க அந்தப் பாகே அருமையான பொருள்.

இதில் இரண்டு சூடுகள் இருக்கின்றன. முளைகட்டும்போது தானியம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மாவைக் கரைக்கும்போது 65 டிகிரி செல்சியஸ் நிற்க வேண்டும். முதல் சூடு தவறினால் பூஞ்சை, இரண்டாவது தவறினால் கஞ்சி.

சவுகார்பேட்டைப் பக்கம் மொத்தக் கடைகளில் முழுக் கோதுமை நன்றாகவே கிடைக்கிறது. விதைக்கடைக் கோதுமை மட்டும் வேண்டாம், அதில் மருந்து தடவியிருப்பார்கள். ஒரு கிலோ வாங்கியதும் 100 மணியை எண்ணி ஈரத்துணியில் மடித்து வையுங்கள். மூன்று நாளில் 95 முளைத்தால் நல்ல சரக்கு. 90க்குக் கீழே போனால் சப்பாத்திக்கு அரைத்துவிடுங்கள். முளைக்காத மணிதான் முதலில் பூஞ்சை பிடிக்கும், பக்கத்து மணிக்கும் கொடுக்கும்.

ஊறவைப்பதில் அவசரம் கூடாது. 8 மணி நேரம் ஊறல், பிறகு தண்ணீரை வடித்து 8 மணி நேரம் காற்றாட விடுதல், மறுபடி 4 மணி நேரம் ஊறல். ஒரே மூச்சாக ஊறவைத்தால் மணி மூச்சுத் திணறி புளித்த நாற்றம் அடிக்கும்; நம் ஊர்த் தண்ணீரின் சூட்டில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஊறிய ஒரு கிலோ கோதுமை வடித்தபின் 1.5 முதல் 1.6 கிலோ எடை காட்ட வேண்டும். தராசுதான் இங்கே சரியான சாட்சி. உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம், பாகு சுண்டும்போது அந்த உப்பும் சேர்ந்து சுண்டும். மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ போதும்.

அடுத்தது முளை. அகலத் தட்டிலோ முறத்திலோ ஈரத்துணி விரித்து, இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். மால்ட் ஆலைகளில் இதை 15–18 டிகிரியில் செய்கிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மார்கழி, தை இரவுகள்தான் ஓரளவு பக்கத்தில் வரும். சித்திரையில் செய்யாதீர்கள். முளைக்கிற தானியம் தானே சூடு கக்கும். குவியலுக்குள் விரலை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா, உடனே கிளறிவிடுங்கள். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறாவிட்டால் வேர்கள் பின்னிக்கொண்டு பாய் மாதிரி ஒரே துண்டாக வந்துவிடும். காய்ந்தால் தண்ணீர் தெளிக்கலாம், ஊற்றக் கூடாது.

எப்போது நிறுத்துவது? வேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். வேர் வெள்ளை நூல் போல இரண்டு மூன்றாகப் பிரியும். தண்டுக் குருத்து தனியாக, ஒற்றையாக, தடித்து வரும். கோதுமைக்கு உமி கிடையாது என்பதால் அந்தக் குருத்து கண்ணுக்கே தெரியும். அது மணியின் நீளத்தில் முக்கால் பங்கு வந்ததும் முளையை நிறுத்த வேண்டும். இங்கே அது இரண்டு, இரண்டரை நாளிலேயே வந்துவிடும். ஒரு மணியைப் பிளந்து இரண்டு விரலுக்கு நடுவே தேயுங்கள். சாக்பீஸ் மாதிரி வெள்ளையாக இழுபட்டால் தயார். நடுவில் கெட்டியாக ஒரு கரு நெருடினால் இன்னும் அரை நாள். குருத்து பச்சையாக நீண்டுவிட்டால் மாவுச்சத்தைச் செடி சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம்.

இனி உலர்த்துவது. முதலில் மின்விசிறிக் காற்றில் ஒரு இரவு, பிறகு மொட்டைமாடி வெயில். காசிமேடு, ராயபுரம் பக்கம் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஈரத்தைக் கொண்டுவரும். அதற்குள் எடுத்து மூடிவிடுங்கள். கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், தேய்த்தால் வேர் உதிர வேண்டும். உதிர்ந்த வேரை முறத்தில் புடைத்துத் தள்ளுங்கள். அது கசக்கும்.

மில்லில் அரைக்கக் கொடுக்கும்போது உடைத்த ரவைப் பதம் என்று அழுத்திச் சொல்லுங்கள். நைசாக அரைத்துவிட்டால் துணியில் ஒரு சொட்டுகூட இறங்காது. பார்லிக்கு அதன் உமியே வடிகட்டி. கோதுமைக்கு அது இல்லை, போதாக்குறைக்குப் பசையும் அதிகம். இதற்கு நம் பக்கத்திலேயே மருந்து இருக்கிறது: செங்குன்றத்து அரிசி ஆலை உமி. அரை கிலோ மால்ட்டுக்கு 100 கிராம் உமியை நன்றாக அலசி, ஒரு கொதி விட்டு வடித்துச் சேர்த்தால் சாறு தடையில்லாமல் இறங்கும்.

இனி அந்த 65 டிகிரி. 2 லிட்டர் தண்ணீரை 71 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, அரை கிலோ மால்ட்டைக் கட்டியில்லாமல் கலக்குங்கள். சூடு தானாக 65, 66க்கு வந்து நிற்கும். வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி வைத்த ஹாட்பாக்ஸுக்கு மாற்றி மூடி 75 நிமிடம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுவது முளையில் உண்டான நொதிகள். 70க்கு மேல் இனிப்பைக் கொடுக்கிற நொதி சீக்கிரம் செத்துவிடும், 80ஐத் தாண்டினால் எதுவுமே மிஞ்சாது. 60க்குக் கீழே வேலை மந்தம். கைப்பக்குவம் இங்கே செல்லாது, டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம். சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் கொதிநீரில் அது 100 காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

ஒரு ஸ்பூன் தெளிந்த சாற்றை வெள்ளைத் தட்டில் ஆறவிட்டு, மருந்துக்கடை போவிடோன் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். நீலக்கறுப்பானால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, இன்னும் 20 நிமிடம் வையுங்கள். பழுப்பாகவே இருந்தால் முடிந்தது. அயோடின் விட்ட அந்த ஒரு ஸ்பூன் சாற்றை மட்டும் கொட்டிவிடுங்கள்.

வேட்டித் துணியில் வடித்து, 75 டிகிரி வெந்நீர் அரை லிட்டரைச் சக்கை மேல் மெதுவாக ஊற்றுங்கள். துணியை முறுக்கிப் பிழியத் தோன்றும். பிழிந்தால் பாகு கலங்கிவிடும். சாறு கொதிக்கத் தொடங்கும்போது நுரை பால் மாதிரி பொங்கும், பாதிக்கு மேல் நிரம்பாத பாத்திரம் தேவை. முதல் 20 நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். பிறகு அடிகனமான பாத்திரத்தில் சிறுதீ. காலிப் பாத்திரத்தை முன்பே எடைபோட்டு வைத்துக்கொண்டு, பாகு 350 கிராம் அளவுக்கு வரும்போது இறக்குங்கள். சூட்டில் தண்ணியாகத் தெரிந்தாலும் ஆறினால் தேன் பதம் வரும். கடைசிப் பத்து நிமிடம் கரண்டியை விடக் கூடாது, அடிபிடித்தால் மொத்தமும் கரிவாசனை.

ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். குமிழி கிளம்பினாலோ சாராய நெடி அடித்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். இது பெரும்பாலும் சர்க்கரை, அதிலும் வேகமாக ரத்தத்தில் ஏறும் மால்ட்டோஸ். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆகாது, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஆகாது.

சோடாவில் குடிப்பதென்றால் ஒரு டம்ளருக்கு 2 மேசைக்கரண்டி பாகு, அரை மூடி எலுமிச்சை, கொஞ்சம் இஞ்சிச் சாறு. பாகை முதலில் இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள்; ஜில்லென்ற சோடாவில் நேராகப் போட்டால் அடியில் உருண்டையாக உட்கார்ந்துவிடும். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து சோடாவை ஓரமாக ஊற்றுங்கள், கோதுமையின் புரதம் நுரையைச் சட்டென்று விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும்.